ஹென்றி கவுன்டியின் புகையிலைப் பணம்

2005-இல் தொடங்கிப் பத்து ஆண்டுகள், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள ஹென்றி கவுன்டியில் பலருடைய வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு ஒருமுறை புகையிலைப் பணம் வந்து விழுந்தது. அனுப்பியது அமெரிக்க வேளாண் துறை. வாங்கியவர்களில் சிலர் அப்போதும் புகையிலை பயிரிட்டுக்கொண்டிருந்தார்கள். பலர் விட்டுவிட்டிருந்தார்கள். தாத்தா காலத்து நிலம் தன் பெயரில் இருக்கிறது என்பதற்காகவே பணம் பெற்ற, புகையிலை நாற்றைக் கையால் தொட்டறியாத நகரவாசிகளும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு வயிறெரிந்தது. ஆளைக் கொல்லும் பயிருக்கு அரசாங்கமே மானியம் கொடுக்கிறதே!

அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது, விவரம் போதவில்லை. அது புகையிலை பயிரிடச் சொல்லிக் கொடுத்த பணம் அல்ல. பொதுமக்களின் வருமான வரியிலிருந்து எடுத்ததும் அல்ல. சிகரெட் கம்பெனிகளிடம் வசூலித்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்துவந்த ஓர் ஏற்பாட்டை இழுத்து மூடியதற்கு அரசு கொடுத்த ஈட்டுத்தொகை அது. உழவருக்கு உண்மையில் உதவியது எது என்று தேடுகிறவர்கள் இந்தக் கடைசிப் பணத்தைவிட, மூடப்பட்ட அந்த ஏற்பாட்டைத்தான் பார்க்க வேண்டும்.

ஹென்றி கவுன்டி, லூயிவில் நகருக்கு வடகிழக்கே, கென்டக்கி ஆற்றின் மேற்குக் கரையை ஒட்டிக் கிடக்கிறது. தலைமையிடமான நியூ கேசிலில் ஆயிரம் பேர்கூட இல்லை. நிலம் மேடும் சரிவுமானது. பெரிய இயந்திரங்களை ஓட்டி ஒரே வீச்சில் மக்காச்சோளம் போடுவதற்குத் தோதான பூமி அல்ல. சரிவுகளில் புல்லும் மாடும், கொஞ்சம் சமமாக இருக்கும் இடத்தில் இரண்டு மூன்று ஏக்கர் புகையிலை என்பதுதான் அங்கே நெடுநாள் வழக்கம். பயிரிட்டது பர்லி என்ற வகை. 1864-இல் ஒஹையோ மாநிலத்து நாற்றங்கால் ஒன்றில் வெளிறிய நிறத்தில் முளைத்த நாற்றுகளிலிருந்து பரவிய ரகம் இது. எந்தச் சாற்றில் நனைத்தாலும் உறிஞ்சிக்கொள்ளும் இலை. 1913-இல் ரெனால்ட்ஸ் கம்பெனி கேமல் சிகரெட்டை இறக்கியபோது அதன் கலவையில் பர்லியும் இருந்தது. மற்றக் கம்பெனிகளும் அதே வழியில் போக, பர்லிக்கு யோகம் அடித்தது.

வேலை சாமானியமானதல்ல. குளிர்காலம் முடியும் முன்பே நாற்றங்கால். மே, ஜூனில் நடவு. கோடையில் பூவைக் கிள்ளி, சிம்பு ஒடித்து, பிசுபிசுக்கும் பிசினைக் கையிலும் சட்டையிலும் சுமக்க வேண்டும். ஆகஸ்டு கடைசியில் செடியை அடியோடு வெட்டி, ஐந்தாறு செடிகளை ஒரு கழியில் குத்தி, உயரமான மரக் கொட்டகைக்குள் அடுக்கடுக்காகத் தொங்கவிட வேண்டும். பர்லியைப் பாடம் செய்ய நெருப்பு மூட்டுவதில்லை. காற்றோட்டத்திலேயே ஆறேழு வாரம் தொங்கும். நவம்பர் ஈரத்தில் இலை நொறுங்காமல் இளகியிருக்கும் நாளாகப் பார்த்து இறக்கி, உருவி, தரம் பிரித்துக் கட்டுவார்கள். இந்த ஆண்டு இலையை உருவி முடிப்பதற்குள் அடுத்த ஆண்டு நாற்றங்கால் வேலை வந்துவிடும் என்பதால், கென்டக்கியில் இதைப் பதின்மூன்று மாதப் பயிர் என்பார்கள். ஏக்கருக்கு இருநூறு மணி நேரத்துக்கும் மேல் உழைப்பைத் தின்னும். ஆனால் ஏலம் நவம்பர் கடைசியில் தொடங்கும். கிறிஸ்துமஸை ஒட்டி மொத்தமாகப் பணம் கைக்கு வரும். நில அடமானத் தவணை, வரி, மளிகைக்கடைப் பாக்கி, பிள்ளைகளுக்குப் புதுச் செருப்பு எல்லாம் அந்த ஒரு தொகைக்காகக் காத்திருக்கும்.

வந்தால்தான் உண்டு. 1907-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஹென்றி கவுன்டி உழவர் ஒருவர் முந்தைய ஆண்டு விளைச்சலை லூயிவில் ஏலத்துக்கு அனுப்பினார். வரப்போகும் பணத்தில் என்னென்ன செய்யலாம் என்று முந்தின இரவு அவரும் மனைவியும் பேசிக்கொண்டிருந்ததை அவருடைய ஆறு வயது மகன் ஜான் கேட்டுக்கொண்டிருந்தான். விடியும் முன் கிளம்பிக் குதிரையிலும் ரயிலிலும் போன தகப்பன் வெறுங்கையோடு திரும்பினார். வண்டிக் கூலிக்கும் விற்பனைத் தரகுக்கும்தான் அந்த ஆண்டின் மொத்தப் புகையிலையும் சரியாக இருந்தது. அந்த ஜான் பெர்ரி வளர்ந்து வழக்கறிஞரானார். அவருடைய மகன், கவிஞரும் நாவலாசிரியருமான வெண்டல் பெர்ரி, 2012-இல் வாஷிங்டனில் ஆற்றிய ஜெபர்சன் நினைவுரையில் இந்தக் கதையைத்தான் முதலில் சொன்னார்.

அன்றைய ஏலத்தில் விலையைத் தீர்மானித்தது வடக்குக் கரோலினாக்காரரான ஜேம்ஸ் புக்கனன் டியூக். சிகரெட் சுருட்டும் இயந்திரத்தின் பலத்தில் போட்டிக் கம்பெனிகளை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கி, 1890-இல் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியை அமைத்தவர். அதன் பிறகு ஏலக் கிடங்கில் வாங்குகிறவர்கள் பலர் நின்றாலும் வாங்கும் கை ஒன்றுதான் என்ற நிலை. உலர்த்தி அடைக்காத இலை நாள்பட்டால் அழுகும். கொண்டுவந்த வண்டியைத் திருப்பி ஓட்ட உழவரிடம் காசு கிடையாது. சொன்ன விலைக்குத்தான் விற்க வேண்டும்.

உழவர்கள் இரண்டு விதமாகத் திருப்பி அடித்தார்கள். கென்டக்கியின் தென்மேற்கில், கறுப்புப் புகையிலை விளையும் பகுதியில், 1904-இல் கத்ரி என்ற ஊரில் சங்கம் கூட்டினார்கள். சங்கத்தில் சேராதவர்களின் நாற்றங்கால்களை இரவில் முகமூடிக் கும்பல்கள் கொத்திப் போட்டன. 1907 டிசம்பரில் ஹாப்கின்ஸ்வில் நகரத்தையே கைப்பற்றிக் கம்பெனியோடு தொடர்புள்ள கிடங்குகளுக்குத் தீ வைத்தன. கறுப்பினக் குடும்பங்கள் பல அந்த வட்டாரத்தைவிட்டே விரட்டப்பட்டன. உழவர் எழுச்சி என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் அந்தக் கடைசிப் பகுதியைப் படிக்காமல் புரட்டிவிடுவது வழக்கம். பர்லி பகுதியில் நடந்தது வேறு. 1908-இல் அங்கே மிகப் பெரும்பாலான உழவர்கள் சேர்ந்து அந்த ஆண்டுப் பயிரையே போடாமல் விட்டார்கள். கம்பெனி இறங்கிவந்து தேங்கிக் கிடந்த இலையை நல்ல விலைக்கு வாங்கியது. 1911-இல் உச்ச நீதிமன்றம் டியூக்கின் கூட்டு நிறுவனத்தை உடைத்தது. ஒன்று நான்கானது, விலை பெரிதாக ஏறவில்லை. ஆனால் 1908 ஒரு பாடத்தை விட்டுச்சென்றது. எவ்வளவு விளைகிறது என்பது யார் கையில் இருக்கிறதோ, விலையும் அவர்கள் கையில்.

பாடம் தெரிந்தும் நிலைக்கவில்லை. முதல் உலகப் போர் முடிந்தபோது உச்சத்தில் இருந்த பர்லி விலை, 1921 ஜனவரி ஏலத்தில் முந்தைய ஆண்டின் பாதிக்கும் கீழே விழுந்தது. லெக்சிங்டனில் கொதித்த உழவர்கள் ஏலத்தை நிறுத்தவைத்தார்கள். அதே ஆண்டில், லூயிவில் பத்திரிகை அதிபர் ராபர்ட் வொர்த் பிங்கமின் முயற்சியில் பர்லி உழவர் கூட்டுறவு உருவானது. உறுப்பினர்கள் தங்கள் இலை முழுவதையும் கூட்டுறவுக்கே கொடுக்க ஒப்பந்தம். வெளியே நின்றவர்களோ, கூட்டுறவு ஏற்றிவைத்த விலையில் முதல் ஆளாக விற்றுவிட்டுப் போனார்கள். சில ஆண்டுகளில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் கூட்டுறவு முடங்கியது. தன்னார்வமாகச் சேரும் சங்கத்தால் எல்லோரையும் கட்டுப்படுத்த முடியாது, சட்டம் வேண்டும் என்று அப்போது பலருக்கும் உறைத்தது. வாஷிங்டனில் கென்டக்கி காங்கிரஸ் உறுப்பினர் வெர்ஜில் சாப்மனிடம் வேலை பார்த்தபடியே சட்டம் படித்துக்கொண்டிருந்த ஜான் பெர்ரியும் அவர்களில் ஒருவர்.

சட்டம் 1933-இல் வந்தது. பெருமந்தத்தில் மூழ்கிய நாட்டில் ரூஸ்வெல்ட் ஆட்சிக்கு வந்த சில வாரங்களில் நிறைவேறிய வேளாண் சீரமைப்புச் சட்டம், புகையிலையை அடிப்படைப் பயிர்களில் ஒன்றாகச் சேர்த்தது. அந்த இலையுதிர் காலத்தில் வடக்குக் கரோலினா ஏலங்களில் விலை படுமோசமாக இருக்க, ஆளுநர் எரிங்காஸ் புகையிலைச் சந்தைகளையே மூடினார். உழவர்கள் அடுத்த ஆண்டுப் பரப்பைக் குறைக்க ஒப்பந்தம் போட்டார்கள், கம்பெனிகள் விலையை உயர்த்தின. முதன்முறையாக அரசின் காசோலை புகையிலை உழவர் வீட்டுக்கு வந்தது: பயிரிடாமல் விட்ட நிலத்துக்கு வாடகை, குறைந்த விளைச்சலுக்கு ஈடு. பணம் சிகரெட் ஆலைகள்மீது போட்ட வரியிலிருந்து.

காசோலை யார் பெயருக்கு என்பதில்தான் சிக்கல். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் நில உடைமையாளர். பரப்பு குறைந்தபோது வேலை போனது வாரக்காரருக்கு. அவருக்குரிய பங்கைப் பிரித்துக் கொடுக்க விதி இருந்தது. விதியை நடைமுறைப்படுத்தும் உள்ளூர்க் குழுவில் உட்கார்ந்திருந்தவர்களோ நில உடைமையாளர்கள். தென் மாநிலங்களில் கறுப்பின வாரக்காரர்கள் ஏராளமானோர் இந்த ஆண்டுகளில் நிலத்தைவிட்டு வெளியேறினார்கள். புகையிலைத் திட்டத்தைப் புகழ்ந்து எழுதப்பட்டவற்றில் இவர்கள் அபூர்வமாகவே தென்படுகிறார்கள்.

1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆலை வரியையும் பரப்புக் குறைப்பு ஒப்பந்தங்களையும் செல்லாதவை என்றது. 1938-இல் வேறு அடித்தளத்தில் புதுச் சட்டம் வந்தது. இப்போது அரசு பணம் கொடுத்து உழவரைச் சம்மதிக்க வைக்கவில்லை. சந்தைக்கு எவ்வளவு கொண்டுவரலாம் என்று ஒதுக்கீடு போட்டது. அதுவும் உழவர்கள் வாக்களித்து மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் மட்டுமே செல்லும். முதல் ஆண்டு ஒப்புக்கொண்டார்கள். அந்த டிசம்பரிலேயே, எங்களை யார் கட்டுப்படுத்துவது என்று தூக்கி எறிந்தார்கள். விளைவு 1939-இல் தெரிந்தது. கரோலினா, வர்ஜீனியா பகுதிகளில் சூட்டறையில் பாடம் செய்யும் புகையிலை வரலாறு காணாத அளவு, நூறு கோடி பவுண்டுக்கும் மேல் விளைந்தது. செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் மூண்டது. இலையில் பெரும்பங்கை வாங்கிவந்த பிரிட்டனின் இம்பீரியல் கம்பெனி தன் ஆட்களை ஏலத்திலிருந்து திருப்பி அழைத்துக்கொண்டது. சந்தைகள் மூடப்பட்டன. அடுத்த மாதமே நடந்த வாக்கெடுப்பில் அதே உழவர்கள் பெருவாரியாக ஒதுக்கீட்டுக்குக் கை தூக்கினார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகள் பெரும்பாலான புகையிலை வகைகளில் அந்தக் கை இறங்கவே இல்லை. பர்லி பகுதியில் ஆதரவு 90 விழுக்காட்டுக்கும் மேல் போவது சாதாரணம்.

1941-இல் பழைய பர்லி கூட்டுறவு விலைத் திட்டத்தை நடத்தும் பொறுப்போடு உயிர்பெற்றது. அதை எழுப்பி நிறுத்தியவர்களில் ஒருவரான ஜான் பெர்ரி, 1957 முதல் 1975 வரை அதன் தலைவராக இருந்தார்.

இனி நடைமுறை. ஒவ்வொரு பண்ணைக்கும் அதன் பழைய சாகுபடியை வைத்து இவ்வளவு ஏக்கர் என்று ஒதுக்கீடு. கவுன்டி அலுவலகத்தின் ஆள் வந்து வயலை அளப்பார். கூடுதலாக நட்டிருந்தால் அழிக்க வேண்டும். மீறி விற்றால் பெரும் அபராதம். விற்பனை அட்டை இல்லாமல் ஏலக் கிடங்கில் இலையை இறக்க முடியாது. நம் ஊரில் கரும்பாலை கொடுக்கும் வெட்டு உத்தரவை நினைத்துக்கொண்டால் கட்டுப்பாட்டின் தன்மை பிடிபடும். ஆனால் அந்த உத்தரவு வாங்குகிறவன் கொடுப்பது. இது விற்கிறவர்கள் வாக்களித்துத் தங்கள்மீதே விதித்துக்கொண்டது.

கிடங்கில் இலை வரிசையாகக் கூடைகளில் கிடக்கும். அரசுத் தர ஆய்வாளர் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்துத் தரம் எழுதுவார். ஒவ்வொரு தரத்துக்கும் முன்னரே அறிவித்த ஆதரவு விலை உண்டு. ஏலக்காரர் பாட்டுப் போல எண்களை இழுத்துக்கொண்டு நடக்க, கம்பெனி ஆட்கள் எதிர்ப்பக்கம் கண்ணசைத்தும் விரல் காட்டியும் கேட்பார்கள். ஒரு கூடைக்குச் சில நொடிதான். எவரும் ஆதரவு விலைக்கு மேல் கேட்காவிட்டால் கூடை கூட்டுறவுக்குப் போகும். உழவருக்கு அன்றே ஆதரவு விலையில் பணம். அந்தப் பணம் அரசின் பண்டகக் கடன் நிறுவனத்திடம் கூட்டுறவு வாங்கிய கடன். இலையை உலர்த்தி மிடாக்களில் அடைத்து இருப்பு வைத்து, விலை வரும்போது விற்றுக் கடனை அடைக்கும். அப்படி உலர்த்தி அடைத்த புகையிலை இருப்பு வைத்தால் கெடாத, சில ஆண்டு வைத்தால் சுவை கூடுகிற சரக்கு என்பதால் இது நடந்தது. 1933 முதல் 1980-களின் தொடக்கம் வரை புகையிலைக் கடன்களில் அசலாக அரசு இழந்தது ஏறக்குறைய 5.7 கோடி டாலர்தான். வட்டிச் சலுகை, நிர்வாகச் செலவு தனி. அரை நூற்றாண்டுக்கு, மற்றப் பயிர்களுக்குக் கொட்டியதோடு ஒப்பிட்டால், அது சில்லறை.

கவனிக்க வேண்டியது: இதில் உழவருக்கு இலவசமாக எதுவும் வரவில்லை. விலைக்கு அரசு தரை போட்டது, விளைச்சலுக்கு உழவர் கூரை போட்டுக்கொண்டார். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் மற்றது நிற்காது. கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் கூரையை எடுத்துவிட்டுத் தரையை மட்டும் வைத்ததால்தான் அங்கே மானியச் செலவு மலையாக வளர்ந்தது. பர்லியில் இன்னொரு பாதுகாப்பும் இருந்தது. மொத்த ஒதுக்கீட்டை வெட்டும்போது, அரை ஏக்கர் மட்டும் வைத்திருக்கும் சிறு உழவரைத் தொடாமல் விட வேண்டும் என்று 1950-களில் விதி செய்தார்கள். ஹென்றி கவுன்டி போன்ற இடங்களில் சிறு பண்ணைகள் சிதறாமல் நின்றதற்கு இந்த விதி பெரிய காரணம். 1954-இல் அமெரிக்காவில் புகையிலை பயிரிட்ட பண்ணைகள் ஐந்து லட்சத்துக்கும் மேல்.

உழவன் புத்தி சும்மா இருக்காது. ஏக்கருக்குத்தானே கட்டுப்பாடு என்று செடிகளை நெருக்கி நட்டார்கள், உரத்தைக் கொட்டினார்கள், உள்ளதில் நல்ல நிலத்தைப் புகையிலைக்கே ஒதுக்கினார்கள். 1930-களில் ஏக்கருக்கு ஆயிரம் பவுண்டைத் தொடாத பர்லி, 1960-களில் இரண்டாயிரத்தைத் தாண்டியது. இருப்பு குவிந்தது. 1971-இல் அளவுகோலை மாற்றினார்கள்: இனி ஏக்கர் கணக்கு இல்லை, பவுண்டுக் கணக்கு.

அந்த மாற்றம் எதிர்பாராத ஒன்றைப் பெற்றெடுத்தது. பவுண்டைக் குத்தகைக்கு விடலாம் என்றானது. வயதானவர்கள், கணவனை இழந்த பெண்கள், நகரத்துக்குப் போய்விட்ட வாரிசுகள் தங்கள் பவுண்டுகளை அதே கவுன்டியில் பயிரிடுகிறவருக்கு ஆண்டு வாடகைக்கு விட்டார்கள். முதலில் அது முதியவர்களுக்கு ஓய்வூதியம்போல உதவியது. போகப்போக, வெயிலில் நிற்கிறவர் கையில் ஒதுக்கீடு இல்லை. ஒதுக்கீடு வைத்திருப்பவர் வெயிலுக்கே வருவதில்லை. நிலம் விற்கும்போது மண்ணோடு சேர்த்து ஒதுக்கீட்டுக்கும் விலை வைத்தார்கள். புதிதாகத் தொழிலுக்கு வர நினைத்த இளைஞர், தாத்தா ஒருவர் 1930-களில் புகையிலை போட்டிருந்தார் என்பதற்காக வேறொருவருக்கு வாடகை கட்ட வேண்டியிருந்தது. திட்டத்தை உள்ளிருந்து அரித்தது இதுதான் என்று சொல்லலாம். சிறு உழவரைக் காக்கப் போட்ட வேலி, பிறப்பால் வரும் சொத்தாக மாறிவிட்டது.

வெளியிலிருந்து வந்த அடி அதைவிடப் பலமானது. 1964 ஜனவரி 11 அன்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலர் லூதர் டெரி, சிகரெட் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்ற அறிக்கையை வெளியிட்டார். ஒரே அரசின் ஒரு துறை புகைக்காதே என்றது, இன்னொரு துறை புகையிலைக்கு விலை நிர்ணயித்தது. திட்டத்தின் ஆதரவாளர்கள் சொன்ன பதில் சாமர்த்தியமானது: நாங்கள் விளைச்சலைக் குறைத்து விலையை ஏற்றுகிறோம், திட்டம் போனால் புகையிலை மலிந்து சிகரெட் கம்பெனிக்குத்தான் லாபம். கணக்குப்படி அது சரி. வெண்டல் பெர்ரி 1990-களில் புகையிலைப் பிரச்சினை பற்றியே தனிக் கட்டுரை எழுதினார். பயிரின் கேட்டை ஒத்துக்கொண்டும் திட்டத்தை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை. ஆனாலும் தரமான இலையை ஒழுங்காகக் கம்பெனிக்குக் கிடைக்கச்செய்ததும் அந்தத் திட்டமேதான். நோயாளிகளின் பக்கம் நின்று பார்ப்பவருக்கு அந்தச் சாமர்த்தியமான பதில் போதாது.

காங்கிரஸில் எதிர்ப்பு வலுக்க, 1982-இல் ஒரு சமரசச் சட்டம் வந்தது. விலைத் திட்டத்தால் அரசுக்கு ஒரு காசும் நட்டம் வரக்கூடாது. கடனில் இழப்பு வந்தால் ஈடுகட்ட விற்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் உழவரே கட்டணம் செலுத்த வேண்டும். மானியம் மானியம் என்று ஊர் ஏசிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் புகையிலை உழவர் தன் ஆதரவு விலைக்குத் தானே காப்பீடு கட்டிக்கொண்டிருந்தார். இதற்கிடையில் கம்பெனிகள் பிரேசில், மலாவி பர்லியை மலிவாக இறக்கத் தொடங்கின. இருப்பு தேங்கியது, கட்டணம் ஏறியது. ஆதரவு விலையைக் குறைத்து 1986-இல் மறுபடி ஒட்டுப்போட்டார்கள்.

புகையால் வந்த நோய்களின் மருத்துவச் செலவைக் கேட்டு மாநிலங்கள் தொடுத்த வழக்கை 1998 நவம்பரில் 46 மாநிலங்களும் பெரிய சிகரெட் கம்பெனிகளும் தீர்த்துக்கொண்டன. 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர் மாநிலங்களுக்கு. உழவர்களைச் சமாதானப்படுத்தத் தனியாக 515 கோடி டாலர் அறக்கட்டளை ஒன்றையும் கம்பெனிகள் அறிவித்தன. சிகரெட் விலை ஏறியது, விற்பனை சரிந்தது. ஒதுக்கீட்டைக் கணக்கிடும் சூத்திரத்தில் கம்பெனிகள் வாங்க நினைக்கும் அளவும் ஏற்றுமதியும் இருந்ததால் வெட்டு நேராக உழவர்மேல் விழுந்தது. 1998-க்கும் 2000-க்கும் இடையில் பர்லி ஒதுக்கீடு பாதிக்கும் கீழே போனது. 2000-இல் பிலிப் மாரிஸ் ஏலத்தைத் தவிர்த்து, பர்லி உழவர்களோடு நேரடி ஒப்பந்தம் போடத் தொடங்கியது. இரண்டு மூன்று ஆண்டில் கிடங்குகளின் தளம் காலியாகக் கிடந்தது.

இதற்குப் பிறகு உழவர்களே கேட்டது விடுதலைப் பணம். ஆண்டுக்கு ஆண்டு வெட்டுப்பட்டுச் சாவதைவிட, விலை கொடுத்துவிட்டு மூடுங்கள் என்றார்கள். 2004 அக்டோபர் 22 அன்று அதிபர் புஷ் கையெழுத்திட்ட நிறுவன வரிச் சட்டம் ஒன்றின் உள்ளே இந்த ஏற்பாடும் செருகப்பட்டிருந்தது. ஒதுக்கீட்டுக்கு உரிமையாளராக இருந்தவருக்கு, 2002-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பவுண்டுக்கு 7 டாலர். பயிரிட்டவருக்கு 3 டாலர். இரண்டும் ஒருவரே என்றால் 10. பத்துத் தவணை. மொத்தச் செலவு உச்ச வரம்பு 1,014 கோடி டாலர், சிகரெட் கம்பெனிகளும் இறக்குமதியாளர்களும் சந்தைப் பங்குப்படி கட்ட வேண்டியது.

ஹென்றி கவுன்டி அளவில் அதைக் கணக்குப் போட்டால் இப்படி வரும்: 4,000 பவுண்டு, அதாவது இரண்டு ஏக்கர் அளவு ஒதுக்கீடு வைத்திருந்து வாடகைக்கு விட்டவருக்கு ஆண்டுக்கு 2,800 டாலர். அதை வாடகைக்கு எடுத்து வியர்வை சிந்தியவருக்கு 1,200. தானே பயிரிட்ட உரிமையாளருக்கு 4,000. பணக்காரராக்கும் தொகை அல்ல. பெரிய ஒதுக்கீட்டுக்காரர்களுக்கு மட்டும் லட்சக்கணக்கில் போனது. பத்து ஆண்டு காத்திருக்க முடியாதவர்களுக்கு வங்கிகள் கழிவு பிடித்துக்கொண்டு மொத்தமாகக் கொடுத்தன. கடன் அடைந்தது, கூரை மாறியது, டிராக்டர் வந்தது, மருத்துவமனைக் கட்டணம் தீர்ந்தது. கென்டக்கிக்கு மொத்தம் ஏறக்குறைய 250 கோடி டாலர் வந்து சேர்ந்தது.

போனது எது என்பதையும் சொல்ல வேண்டும். ஆதரவு விலை, ஒதுக்கீடு, வாக்கெடுப்பு மூன்றும் ஒரே நாளில் இல்லாமலாயின. 2005 பர்லி முந்தைய ஆண்டைவிடப் பவுண்டுக்கு ஏறக்குறைய 40 சென்ட் குறைவாக விற்றது. எங்கே வேண்டுமானாலும், எவ்வளவு வேண்டுமானாலும் பயிரிடலாம் என்றானதும் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கத்து உழவர்களும் பர்லிக்கு வந்தார்கள். ஹென்றி கவுன்டியின் சரிவு நிலத்தில் இரண்டு ஏக்கருக்கு இனி வேலை இல்லை. எஞ்சி நின்றவர்கள் பரப்பைப் பெருக்கினார்கள், அறுவடைக்கு மெக்சிகோவிலிருந்து பருவத் தொழிலாளர்களை இன்னும் அதிகமாக அழைத்தார்கள், கம்பெனி ஒவ்வோர் ஆண்டும் நீட்டும் ஒப்பந்தத்தில் அளவும் விலையும் என்ன என்று காத்திருந்தார்கள். 1907-இல் லூயிவிலுக்குப் போனவரின் நிலைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

கென்டக்கி அரசு ஒரு காரியம் உருப்படியாகச் செய்தது. சிகரெட் வழக்குத் தீர்வில் வந்த பணத்தில் பாதியை 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வேளாண்மையைப் பல வழிப்படுத்த ஒதுக்கியது. கவுன்டிதோறும் குழு அமைத்து வேலி, மாட்டுக் கொட்டகை, வைக்கோல் கிடங்கு, ஆடு, காய்கறி, திராட்சை என்று செலவிட்டார்கள். பெரும்பாலான மாநிலங்கள் அந்தப் பணத்தைப் பொதுச் செலவில் கரைத்துவிட்டதைப் பார்க்கும்போது இது பாராட்டத்தக்கது. ஆனால் ஏக்கருக்குப் புகையிலை கொடுத்ததை அந்தப் பட்டியலில் எதுவும் கொடுக்கவில்லை. 2014-க்குப் பின் அனுமதிக்கப்பட்ட ஹெம்ப் (போதை தராத கஞ்சா வகை) பயிர் சில ஆண்டு ஆசைகாட்டி, 2020-ஐ ஒட்டி விலை சரிந்து பலரைக் கடனில் விட்டது. விளைச்சலுக்குக் கூரை இல்லாத பயிர் எப்படி முடியும் என்று புகையிலை உழவரின் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க 1921-ஐத் தோண்ட வேண்டிய தேவை இருக்கவில்லை.

நியூ கேசிலில் 2011-இல் வெண்டல் பெர்ரியின் மகள் மேரி பெர்ரி தொடங்கிய பெர்ரி மையம், அந்தப் பழைய திட்டத்தின் காகிதங்களைப் பாதுகாக்கிறது. அதோடு நிற்காமல், 2017 முதல் உள்ளூர் மாட்டிறைச்சி உழவர்களுக்காக முன்கூட்டியே பேசிய விலை, கட்டுப்படுத்திய அளவு என்ற அதே விதியில் ஒரு சிறு கூட்டுறவையும் நடத்துகிறது. சட்டத்தின் பலம் இல்லாமல் இது எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்விக்கு 1920-களின் கூட்டுறவு நல்ல பதில் வைத்திருக்கவில்லை. 1921-இல் பிறந்த பர்லி கூட்டுறவு, உறுப்பினர்களின் வழக்கைத் தொடர்ந்து, நூறு வயதை ஒட்டிக் கலைக்கப்பட்டு, கையிலிருந்த சொத்து உறுப்பினர்களுக்குப் பங்கிடப்பட்டது.

ஈட்டுத்தொகையின் கடைசித் தவணை 2014-இல் வந்தது. 2002 வேளாண் கணக்கெடுப்பின்படி கென்டக்கியில் 29,000-க்கும் மேற்பட்ட பண்ணைகள் புகையிலை பயிரிட்டன. ஒதுக்கீடு ஒழிந்த பின் நடந்த முதல் கணக்கெடுப்பில், 2007-இல், எஞ்சியவை ஏறக்குறைய 8,000. 2022-இல் மாநிலம் முழுவதிலும் ஆயிரத்துக்கும் குறைவு.